சிறிய கடல் எரிவாயு வயலை எடுத்து நடத்துவது எப்படி?

இந்தியக் கடலில் துளையிட்டு, வாயு இருப்பதை உறுதி செய்து, பிறகு "எடுத்தால் கட்டாது" என்று விட்டுவைத்த வயல்கள் கணிசமாக உண்டு. அவற்றுக்காகத்தான் 2015-ல் அரசு சிறு வயல் கொள்கையைக் கொண்டுவந்தது. 2016-ல் நடந்த முதல் ஏலத்தில் தரையும் கடலுமாக 67 வயல்கள், 46 ஒப்பந்தப் பகுதிகளாக வைக்கப்பட்டன. எண்ணெய்த் துறையில் முன் அனுபவம் கட்டாயமில்லை, வாயுவை யாருக்கும் விற்கலாம், விலையையும் நீங்களே பேசிக்கொள்ளலாம் என்று வந்ததால் இந்தத் தொழிலுக்குப் புதியவர்கள் பலர் வந்தார்கள். அப்படி வருபவர்களுக்கும், அவர்களிடம் வேலைக்குச் சேரும் இளம் பொறியாளர்களுக்கும் இந்தக் கட்டுரை. 60 மீட்டர் ஆழக் கடல், கரையிலிருந்து 40 கிலோமீட்டர், இரண்டு கிணறு என்று ஒரு மாதிரி வயலை வைத்துக்கொண்டு போவோம். காவிரிப் படுகையின் கடல் பகுதிக்கு இந்த அளவுகள் பொருந்தும்.

முதல் வேலை: இருப்பைக் கணக்கிடுவது

கையில் வருவது பழைய கிணற்று அறிக்கைகளும் நில அதிர்வுப் படங்களும்தான். அதிலிருந்து கணக்கு இப்படிப் போகும். வாயு நிற்கும் பரப்பு 4 சதுர கிலோமீட்டர், பாறையில் வாயு தரக்கூடிய தடிமன் 15 மீட்டர், பாறையின் துளைவெளி 18 சதவீதம், அந்தத் துளைவெளியில் 65 சதவீதம் வாயு, மீதி நீர். பெருக்கினால் நிலத்தடியில் சுமார் 70 லட்சம் கன மீட்டர் வாயு. 2,000 மீட்டர் ஆழத்தில் 200 பார் (ஒரு பார் என்பது ஏறத்தாழ வளிமண்டல அழுத்தம்) அழுத்தத்தில் இருக்கும் இந்த வாயு மேலே வந்தால் ஏறத்தாழ 180 மடங்கு விரியும். ஆக 126 கோடி கன மீட்டர், அதாவது ஏறத்தாழ 45 பில்லியன் கன அடி. அழுத்தம் தானாக இறங்கி வாயு வெளியேறும் வயலில் 75 சதவீதம் எடுக்கலாம் என்று வைத்தால் கைக்கு வருவது 34 பில்லியன் கன அடி.

இதே கணக்கில் பரப்பை 3 சதுர கிலோமீட்டராகவும் தடிமனை 10 மீட்டராகவும் மாற்றிப் போடுங்கள். இரண்டுமே பழைய நில அதிர்வுப் படத்தின் பிழை எல்லைக்குள் அடங்கும் மாற்றம்தான். இருப்பு பாதியாகிவிடும். கீழிருந்து நீர் ஏறிவந்து வாயுவை ஆங்காங்கே சிறைவைக்கும் வகை வயலாக இருந்தால் எடுப்பு 60 சதவீதத்துக்கு இறங்கும். அப்போது கைக்கு வருவது 13 அல்லது 14 பில்லியன் கன அடி. ஒரே வயல், ஒரே தரவு. ஒரு முனையில் 34, மறுமுனையில் 13. எந்த எண்ணை நம்பி இரும்பு வாங்குகிறீர்கள் என்பதில்தான் சிறு வயலின் தலையெழுத்து இருக்கிறது. மேடையையும் குழாயையும் கீழ் எண்ணுக்குக் கட்டுங்கள். மேல் எண் உண்மையானால் பிறகு ஒரு கிணறு கூட்டிக்கொள்ளலாம். பெரிதாகக் கட்டிய மேடையைச் சுருக்க வழியில்லை.

பாறையின் தன்மையும் முக்கியம். பரங்கிப்பேட்டைக்கு அப்பால் கடலில் உள்ள பிஒய்-1 வயலில் வாயு நிற்பது மணற்கல்லில் இல்லை, விரிசல் விட்ட கிரானைட் அடிப்பாறையில். 2009 கடைசியில் உற்பத்தி தொடங்கியது. ஆள் தங்காத மேடை ஒன்று, அங்கிருந்து பிள்ளைபெருமாநல்லூர் கரைக்கு ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் நீளும் குழாய் என்று சிறு வயலுக்கு ஏற்ற அமைப்புதான். ஆனால் உற்பத்தி எதிர்பார்த்ததைவிட வேகமாக இறங்கியது. இருப்புக் கணக்கையும் குறைத்து எழுத வேண்டியிருந்தது. விரிசல் பாறையில் கிணறு முதல் நாள் அட்டகாசமாகப் பாயும், ஏனென்றால் விரிசல் அகலமான வழி. அந்த விரிசலுக்குப் பின்னால் எவ்வளவு வாயு சேமித்திருக்கிறது என்பதை முதல் நாள் பாய்ச்சல் சொல்லாது. உங்கள் வயலும் அடிப்பாறை வகையாக இருந்தால் சோதனை உற்பத்தி இல்லாமல் நிரந்தரக் கட்டுமானத்தில் இறங்காதீர்கள்.

கிணற்றுச் சோதனையை எப்படிப் படிப்பது

கிணற்றைத் திறந்து, வாயுவைத் தீக்கொழுந்தில் எரித்து, மூடி, அழுத்தம் திரும்ப ஏறுவதைப் பார்ப்பதுதான் சோதனை. ஒரு நாளைக்கு 1 கோடி கன அடி வீதம் இரண்டு நாள் பாயவிட்டால் 2 கோடி கன அடி வெளியே போகும். 45 பில்லியன் கன அடி வயலில் இது கடுகளவு. வயலின் சராசரி அழுத்தம் 0.1 பார்கூடக் குறையக் கூடாது. அடியில் இறக்கும் குவார்ட்ஸ் அழுத்தமானி 0.01 பிஎஸ்ஐ (ஒரு பார் என்பது ஏறத்தாழ 14.5 பிஎஸ்ஐ) வரை காட்டும் என்பதால் இந்தச் சிறு மாற்றமும் கண்ணில் படும். மூடி வைத்து இரண்டு, மூன்று நாள் கழித்தும் அழுத்தம் பழைய நிலைக்கு ஏறாமல் 5 பார் குறைவாக நின்றுவிட்டால் கணக்கு எளிது: 0.02 பில்லியனை 200-ஆல் பெருக்கி 5-ஆல் வகுத்தால் 0.8 பில்லியன் கன அடி. உங்கள் கிணறு தொட்டிருப்பது அவ்வளவுதான். படத்தில் எத்தனை பெரிய மேடு தெரிந்தாலும் சரி, இந்த எண்ணை நம்புங்கள்.

அடிக்கடி நடக்கும் தவறு, ரிக் (துளையிடும் மேடை) வாடகை ஓடுகிறது என்று மூடிவைக்கும் நேரத்தைக் குறைப்பது. பாயவிட்ட நேரத்தைப் போல ஒன்றரை முதல் இரண்டு மடங்கு நேரமாவது மூடிவைக்க வேண்டும். அந்த ஒரு நாள் வாடகையை மிச்சப்படுத்தப் பார்த்தால் பிறகு 40 கிலோமீட்டர் குழாயை வீணாகப் போட நேரிடும்.

சோதனையின்போதே வாயு மாதிரியை முறையாக எடுத்துவிடுங்கள். கார்பன் டை ஆக்சைடு எத்தனை சதவீதம், ஹைட்ரஜன் சல்ஃபைடு உண்டா, கண்டன்சேட் (வாயு குளிரும்போது பிரியும் லேசான எண்ணெய்) எவ்வளவு வருகிறது, நீரில் உப்பு எவ்வளவு. கார்பன் டை ஆக்சைடின் பகுதி அழுத்தம் (மொத்த அழுத்தத்தில் அதன் பங்கு) 7 பிஎஸ்ஐக்குக் கீழே இருந்தால் சாதாரண எஃகு தாங்கும். 30-ஐத் தாண்டினால் கடும் அரிப்பு. நடுவில் இருந்தால் அரிப்புத் தடுப்பு மருந்து கட்டாயம். 70 பார் குழாயில் 2 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு என்றால் சுமார் 20 பிஎஸ்ஐ, அதாவது நடு எல்லை. ஹைட்ரஜன் சல்ஃபைடுக்கு எல்லை இன்னும் கறார்: பகுதி அழுத்தம் 0.05 பிஎஸ்ஐ வந்தாலே எஃகு திடீரென விரிசல்விடும் அபாயம் உண்டு. அதற்குரிய தர எஃகுக்கு மாற வேண்டும். மாதிரி எடுக்கும் உருளை தவறான உலோகமாக இருந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு அதன் சுவரிலேயே ஒட்டிக்கொண்டு அறிக்கையில் "இல்லை" என்று வரும். அதனால் சோதனை நடக்கும் இடத்திலேயே நிறம் மாறும் குழலை வைத்து அளந்து எழுதிவையுங்கள்.

காசுக் கணக்கு

மாதிரி வயலில் நாளொன்றுக்கு 1.5 கோடி கன அடி எடுக்கலாம். ஆண்டுக்கு 5.5 பில்லியன், மொத்தத்தில் 16 சதவீதம். மூன்று, நான்கு ஆண்டு சமநிலை, பிறகு இறக்கம், மொத்தம் எட்டு முதல் பத்து ஆண்டு ஆயுள். 1,000 கன அடி வாயு ஏறத்தாழ ஒரு மில்லியன் பிடியூ வெப்பம் தரும். மில்லியன் பிடியூவுக்கு 7 டாலர் என்று வைத்தால் நாள் வருமானம் 1.05 லட்சம் டாலர், வயலின் ஆயுள் முழுவதற்கும் சுமார் 23.8 கோடி டாலர். இதிலிருந்து ராயல்டி, அரசுக்கு ஒப்புக்கொண்ட வருவாய்ப் பங்கு, இயக்கச் செலவு, கடைசியில் மூடும் செலவு எல்லாம் போக வேண்டும். பணம் வர ஆண்டுகள் ஆகும் என்பதற்கும் தள்ள வேண்டும். கட்டுமானச் செலவு 10 கோடி டாலரைத் தாண்டினாலே இந்த வயல் மூச்சுத் திணறும் என்பது எங்கள் கணிப்பு. 13 பில்லியன் நிலைமைக்கு இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். மொத்த வருமானமே 10 கோடி டாலருக்குக் கீழே நிற்கும்.

அதனால் முதலில் பார்க்க வேண்டியது, பக்கத்தில் யாருடைய மேடையோ குழாயோ பாதி காலியாக ஓடுகிறதா என்பதை. வாடகை கொடுத்து அதில் சேர்வது பெரும்பாலும் சொந்தக் குழாயைவிட மலிவு. வாங்குபவர் யார் என்பது அடுத்த கேள்வி. இலங்கைக் கடலில், மன்னார் படுகையில் 2011-ல் டொராடோ, பராக்குடா என்று இரண்டு வாயுக் கண்டுபிடிப்புகள் வந்தன. டொராடோவில் கடல் ஆழம் சுமார் 1,350 மீட்டர். இலங்கையில் எரிவாயுவுக்கு அன்று சந்தையே இல்லை, குழாய் வலை இல்லை. ஆழமும் அதிகம், வாங்க ஆளும் இல்லை என்றால் வாயு இருந்தும் வயல் எழாது.

விற்பனை ஒப்பந்தத்தில் ஒரு எச்சரிக்கை. "தினமும் இவ்வளவு தருவேன், தராவிட்டால் அபராதம்" என்ற வாக்கைச் சிறு வயல் கொடுக்கவே கூடாது. இரண்டு கிணற்றில் ஒன்று படுத்தால் உற்பத்தி பாதி. "கிடைப்பதைத் தருவேன், தருவதை எடுத்துக்கொள்ள வேண்டும்" என்ற அளவில் நிறுத்துங்கள். விலை கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை.

அனுமதிகள்

பெட்ரோலியக் குத்தகை, ஹைட்ரோகார்பன் பொது இயக்குநரகத்திடம் வயல் மேம்பாட்டுத் திட்டம், 2006 அறிவிக்கையின்கீழ் சுற்றுச்சூழல் அனுமதி, கரையேறும் இடத்துக்குக் கடலோர ஒழுங்குமுறை மண்டல அனுமதி, 2008 கடல்சார் பாதுகாப்பு விதிகளின்கீழ் எண்ணெய்த் தொழில் பாதுகாப்பு இயக்குநரகத்தின் ஒப்புதல், கடற்படையின் தடையின்மைச் சான்று. இவற்றை ஒன்றன்பின் ஒன்றாகப் போடாமல் ஒரே நேரத்தில் போடுங்கள். காவிரிப் படுகை என்றால் இன்னொன்றும் உண்டு. தமிழக அரசின் 2020 பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம், டெல்டாவில் புதிதாக எண்ணெய், எரிவாயு எடுப்பதைத் தடுக்கிறது. வயல் கடலில் இருந்தாலும் குழாய் ஏறுவது கரையில்தான். கரையேறும் ஊரை முடிவு செய்வதற்கு முன்பே சட்டக் கருத்து வாங்கிவிடுங்கள்.

கிணறு

60 மீட்டர் ஆழத்துக்கு, கடலடியில் கால் ஊன்றி நிற்கும் ஜாக்-அப் ரிக் போதும். கால்களை ஊன்றுவதற்கு முன் அந்த இடத்தில் மண் துளையிட்டுப் பார்த்திருக்க வேண்டும். மேலே கெட்டி மணல், கீழே மெத்தென்ற களி என்று இருந்தால் கால் திடீரென உள்ளே இறங்கி ரிக் சாயும். ஆழமற்ற இடத்தில் வாயுப் பைகள் இருக்கிறதா என்பதையும் நுண் நில அதிர்வு அளவையில் பார்த்தாக வேண்டும். கிணற்றுச் சுவரைத் தாங்கும் கேசிங் குழாய்கள் முதலில் 30 அங்குலம், பிறகு 20, 13⅜, 9⅝, கடைசியில் 7 அங்குல லைனர் என்று படிப்படியாக இறங்குவது வழக்கம்.

புதியவர்கள் தவறாமல் சறுக்கும் இடம் டியூபிங் (வாயு மேலே வரும் உட்குழாய்) அளவு. பெரிய டியூபிங் போட்டால் தொடக்கத்தில் அதிகம் பாயும் என்று 4½ அங்குலம் கேட்பார்கள். வாயு மெதுவாகப் போனால் கூட வரும் நீர்த்துளியைத் தூக்கிச் செல்ல முடியாது. துளிகள் கீழே சரிந்து சேர்ந்து, கிணறு தன் நீரிலேயே மூழ்கும். கிணற்றுத் தலையில் 40 பார் அழுத்தம் இருக்கும்போது 4½ அங்குல டியூபிங்கில் பாய்ச்சல் நாளுக்குச் சுமார் 32 லட்சம் கன அடிக்குக் கீழே போனால் இந்த மூழ்கல் தொடங்கும். 3½ அங்குலத்தில் 19 லட்சம் வரை தாங்கும். கடைசி இரண்டு, மூன்று ஆண்டு உற்பத்தி இந்த இடைவெளியில்தான் இருக்கிறது. சிறு வயலுக்கு 3½ போடுங்கள் என்பதே எங்கள் பரிந்துரை.

கடல்படுகைக்குக் கீழே டியூபிங்கில் உட்கார்ந்திருக்கும் பாதுகாப்பு வால்வை மறக்கவே கூடாது. மேலிருந்து கால் அங்குலக் குழல் வழியாக எண்ணெய் அழுத்தம் கொடுத்தால்தான் அது திறந்திருக்கும். கப்பல் மோதி மேடை போனாலும், தீப்பிடித்தாலும், குழலில் அழுத்தம் போய்விடும், வால்வு தானாக மூடும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மூடிச் சோதிக்க வேண்டும். மூடிய நிலையில் நிமிடத்துக்கு 15 கன அடிக்கு மேல் வாயு கசிந்தால் வால்வு தேறவில்லை என்று பொருள்.

மேடை

ஆள் தங்காத மேடைதான் சிறு வயலுக்குத் தகும். படுக்கை, சமையலறை, ஹெலிகாப்டர் தளம் எதுவும் வேண்டாம். மூன்று அல்லது நான்கு கால் ஜாக்கெட் (எஃகுச் சட்டம்), படுகைக்குள் அடித்து இறக்கிய பைல் (எஃகுத் தூண்), மேலே கிணற்றுத் தலைகள், பாய்ச்சலைக் கட்டுப்படுத்தும் சோக் வால்வு, வாயுவையும் திரவத்தையும் பிரித்து அளக்கும் சோதனைச் செபரேட்டர் அல்லது ஈரவாயு மீட்டர், பிக் (குழாய்க்குள் ஓடித் திரவத்தைத் தள்ளும் அடைப்பு) ஏவும் குழல், மருந்துத் தொட்டிகள், சூரியத் தகடும் பேட்டரியும், கரையோடு பேசும் ரேடியோ. அவ்வளவுதான். வாயுவை அங்கே பிரிக்கவோ உலர்த்தவோ வேண்டாம்; நீரும் கண்டன்சேட்டும் சேர்ந்தே கரைக்கு வரட்டும். கடலில் வைக்கும் ஒவ்வொரு இயந்திரத்துக்கும் பராமரிக்க ஆள் வேண்டும், ஆளுக்குப் படகு வேண்டும், படகுக்கு நல்ல வானிலை வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் வாடை அடிக்கும்போது வாரக்கணக்கில் மேடையில் கால்வைக்க முடியாது. அந்த நாட்களைத் தாங்கும் அளவுக்கு மருந்துத் தொட்டியும் பேட்டரியும் இருக்கட்டும்.

எல்லா வால்வும் சக்தி போனால் மூடும் வகையாக இருக்க வேண்டும். மேடையைச் சுற்றி ஓடும் காற்றழுத்தக் குழலில் ஆங்காங்கே உருகும் செருகிகள் இருக்கும்; தீப்பட்டு ஒன்று உருகினால் காற்று வெளியேறி மேடை முழுவதும் மூடிக்கொள்ளும். மின்சாரம், கணினி எதுவும் தேவைப்படாத எளிய ஏற்பாடு. இதை மிச்சம் பிடித்துவிட்டு டிடெக்டர்களை மட்டும் நம்பாதீர்கள்.

ஹைட்ரேட்: எங்கே வரும், எங்கே வராது

வாயுவும் நீரும் உயர் அழுத்தத்தில் குளிர்ந்தால் பனிக்கட்டி போன்ற ஹைட்ரேட் உறையும். 70 பாரில் சுமார் 16, 17 டிகிரிக்குக் கீழே போனாலே போதும், நீர் உறையும் சுழியம் டிகிரி வரை போக வேண்டியதில்லை. வடகடல் கையேடுகளைப் படித்துவிட்டு வருபவர்கள் குழாய் நெடுக கிளைக்கால் (ஹைட்ரேட் உறையாமல் தடுக்கும், ஈரத்தை உறிஞ்சும் திரவம்) செலுத்தத் திட்டம் போடுகிறார்கள். அங்கே கடலடி கடுங்குளிர். இங்கே 60 மீட்டர் ஆழத்தில் வங்காள விரிகுடா பெரும்பாலும் 24, 25 டிகிரிக்கு மேல்தான். ஓடும் குழாயில் ஹைட்ரேட் உறைய வழியில்லை. அந்தச் செலவை விட்டுவிடலாம். மன்னாரின் 1,350 மீட்டர் ஆழத்தில் கடலடி 5, 6 டிகிரி. அங்கே அந்தத் திட்டம் இல்லாமல் ஒரு நாள்கூட ஓட்ட முடியாது.

நம் ஆழத்தில் ஆபத்து சோக் வால்வில். வாயு அழுத்தம் இறங்கும்போது ஒவ்வொரு 10 பாருக்கும் ஏறத்தாழ 4 டிகிரி குளிரும். ஓடும் கிணற்றின் தலையில் வாயு 50 டிகிரியில் வருகிறது. 150 பாரிலிருந்து 70-க்கு இறங்கினால் 30, 35 டிகிரி குளிர்ந்து எல்லையில் தப்பிக்கும். ஒரு வாரம் மூடிவைத்த கிணற்றில் தலையில் நிற்பது கடல்காற்றின் சூட்டில், 27 டிகிரியில் இருக்கும் வாயு. அழுத்தமும் 170 பாருக்கு ஏறியிருக்கும். திறந்த மறுநிமிடம் சோக்குக்குப் பின்னால் வெப்பம் சுழியத்துக்கும் கீழே போகும். குழாயின் வெளிப்பக்கம் வெள்ளைப் பனி படியும், பாயும் சத்தம் மெல்ல மாறி, அழுத்தமானி துள்ளத் தொடங்கும். உள்ளே கட்டி பிடிக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம்.

ஆகவே மூடிய கிணற்றைத் திறக்கும் முறை இது: ஹைட்ரேட் உறையாமல் தடுக்கும் மெத்தனாலைச் சோக்குக்கு முன்பக்கம் செலுத்தத் தொடங்குங்கள். வாய்ப்பிருந்தால் சோக்கின் பின்பக்க அழுத்தத்தை முன்கூட்டியே ஏற்றிவையுங்கள், வீழ்ச்சி குறையும். சிறிதாகத் திறந்து, கிணற்றுத் தலை 40 டிகிரியைத் தாண்டும்வரை காத்திருங்கள். பிறகு படிப்படியாகத் திறந்து மெத்தனாலை நிறுத்துங்கள்.

கட்டி பிடித்துவிட்டால் ஒரு பக்கத்து அழுத்தத்தை மட்டும் விடாதீர்கள். ஒரு பக்கம் 100 பார், மறுபக்கம் காலி என்று ஆனால் அந்தக் கட்டி துப்பாக்கிக் குண்டுபோலப் பாய்ந்து வளைவைப் பிய்த்துக்கொண்டு போகும்; இதில் ஆட்கள் இறந்திருக்கிறார்கள். இரு பக்கமும் சமமாக, மெதுவாக இறக்கி, கட்டி கரையும்வரை பொறுக்க வேண்டும். அதற்கு மணிக்கணக்கும் ஆகலாம், நாட்களும் ஆகலாம். சுடர் காட்டிச் சூடேற்றுவது கூடவே கூடாது.

குழாய்

40 கிலோமீட்டர் தூரம், நாளுக்கு 1.5 கோடி கன அடி, கரையில் 41 பார் வேண்டும் என்றால், 8 அங்குலக் குழாயில் மேடையில் சுமார் 48 பார் போதும். 6 அங்குலத்தில் 64 பார் தேவைப்படும். அந்த 16 பார் வித்தியாசம் வயலின் கடைசி ஆண்டுகளில் எடுக்க முடியாமல் நிலத்தடியிலேயே தங்கிப்போகும் வாயு. 10 அங்குலம் போட்டால் வேகம் குறைந்து குழாயில் நீர் தேங்கும். ஆக 8.

சுவர்த் தடிமன்: வடிவமைப்பு அழுத்தம் 100 பார், எக்ஸ்60 தர எஃகு, 0.72 பாதுகாப்புக் காரணி என்றால் 3.7 மில்லிமீட்டர். அரிப்புக்கு 3 கூட்டி 6.7; கிடைக்கும் அளவு 8.2. மேடையிலிருந்து 500 மீட்டருக்குள் காரணி 0.5 ஆகும், அங்கே 9.5 மில்லிமீட்டர் போடுங்கள். ஏதாவது விழுந்தால் அங்கேதான் விழும்.

இங்கே புதியவர்களுக்கு வியப்பாக இருக்கும் ஒன்று. பாலித்தீன் பூச்சோடு இந்தக் குழாய் மீட்டருக்கு 44.5 கிலோ. அது விலக்கும் கடல்நீர் 40.8 கிலோ. நீருக்குள் இந்த எஃகுக் குழாயின் எடை மீட்டருக்கு 4 கிலோகூட இல்லை. ஒரு சாதாரண நீரோட்டம் அதைப் புரட்டிக்கொண்டு போகும். அதனால்தான் 40 மில்லிமீட்டர் கான்கிரீட் உறை. போட்டபின் நீருக்குள் எடை 70 கிலோவாகிறது. இழுவை மடியின் பலகை உரசினாலும் அந்த உறை தாங்கும்.

12.2 மீட்டர்த் துண்டுகள் ஏறத்தாழ 3,280. ஒவ்வொரு மூட்டிலும் பற்றவைப்பு, சோதனை, பூச்சு. பதிக்கும் படகு நாளுக்கு 2 கிலோமீட்டர் போட்டால் 20 நாள், வானிலைக்கு அதே அளவு கூட்டிக்கொள்ளுங்கள். எப்போது பதிப்பது? வாடைப் பருவம் கூடாது. ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை பங்குனி ஆமைகள் கரையேறி முட்டையிடும் காலம், அப்போது கரைப் பக்க வேலை கூடாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் விசைப்படகுத் தடைக்காலம்; கடலில் இழுவைப் படகு இருக்காது. புயலுக்குக் கண்ணை வைத்துக்கொண்டு இந்த 61 நாளில் பெரும்பகுதியை முடிப்பதே நல்லது. கரையேறும் இடத்தில் பள்ளம் தோண்டாமல் நிலத்தடியே கிடைமட்டமாகத் துளைத்துக் குழாயை இழுத்துவிடலாம். மணல்மேடும் படகு இழுக்கும் இடமும் குலையாது.

இதற்கெல்லாம் ஆறு மாதம் முன்பே ஊர்ப் பஞ்சாயத்தைப் போய்ப் பார்க்க வேண்டும். வரைபடத்தில் வெற்று நீலமாகத் தெரியும் இடத்தில் அவர்களுக்குப் பார் (மீன் சேரும் கடலடிப் பாறைத் திட்டு) இருக்கும், தலைமுறையாக வலைபோடும் இடம் இருக்கும். அந்த இடங்களைக் கேட்டு, குழாய்ப் பாதையை வளைக்க முடிந்தால் வளையுங்கள். மேடையைச் சுற்றி 500 மீட்டர் பாதுகாப்பு வட்டம் வரும் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். மேடை எழுந்தபின் சொன்னால் அது ஏமாற்று வேலையாகத்தான் அவர்களுக்குத் தெரியும், அந்தக் கோபமும் நியாயமானது.

பதித்தபின் நீர் நிரப்பி 1.25 மடங்கு அழுத்தத்தில் 24 மணி நேரச் சோதனை. இந்தக் குழாய் 1,300 கன மீட்டர் நீர் குடிக்கும். கிருமிக்கொல்லி கலந்த அந்த நீரை எங்கே விடுவது என்பதற்கு முன்அனுமதி வேண்டும். பிறகு நீரை வெளியேற்றி, உலர்த்தி, நைட்ரஜன் நிரப்புங்கள். உலர்த்துவதில் அவசரப்பட்டுத் தேங்கவிட்ட உப்புநீர், தாழ்வான இடங்களில் உள்ளிருந்தே குழாயைத் தின்னும்.

கரை நிலையமும் அன்றாட ஓட்டமும்

கரையில் திரவம் பிடிக்கும் பெருங்குழல், செபரேட்டர், கிளைக்கால் உலர்த்தி, மீட்டர். திரவம் பிடிக்கும் குழலின் அளவை பிக்கிங் தீர்மானிக்கிறது. குழாயின் கொள்ளளவில் 3 சதவீதம் திரவம் தேங்கியிருந்தால் 39 கன மீட்டர். பிக் மூன்றரை மணி நேரத்தில் வந்து சேரும்போது அத்தனையும் அதன் முன்னால் ஒரே அலையாக வரும். குழல் சிறிதாக இருந்தால் நிலையம் முழுக்க வெள்ளம். உற்பத்தி இறங்க இறங்க வேகம் குறைந்து தேக்கம் கூடும் என்பதால் முதல் ஆண்டு மாதம் ஒருமுறை ஓட்டிய பிக்கைக் கடைசி ஆண்டுகளில் வாரம் ஒருமுறை ஓட்ட நேரிடும்.

மீட்டர்தான் உங்கள் கல்லாப்பெட்டி. துளைத்தகடு மீட்டரில் தகட்டின் சாய்த்த விளிம்பு வாயு வெளியேறும் பக்கம் பார்க்க வேண்டும். சுத்தம் செய்துவிட்டுத் திருப்பி மாட்டினால் மீட்டர் உண்மையைவிடக் குறைத்துக் காட்டும். பத்து சதவீதத்துக்கு மேல் நஷ்டம் மாதக்கணக்கில் தெரியாமலே போகும். தகடு மாட்டும்போது இரண்டு பேர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும்.

உற்பத்தி தொடங்கியபின் மாதாமாதம் ஒரு கோடு போடுங்கள். கிணற்றை மூடி அடி அழுத்தத்தை அளந்து, வாயுவின் சுருக்கக் காரணியால் (அந்த அழுத்தத்தில் வாயு எளிய வாயு விதியிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று காட்டும் எண்) வகுத்து, அதுவரை எடுத்த மொத்த வாயுவுக்கு எதிராகக் குறியுங்கள். நேர்கோடு வரும், அதை நீட்டினால் சுழியத்தைத் தொடும் இடம்தான் உண்மை இருப்பு. மாதிரி வயலில் 3 பில்லியன் எடுத்தபோது அழுத்தம் 13, 14 பார் குறைந்திருக்க வேண்டும். 27 குறைந்திருந்தால் வயல் பாதிதான். அடுத்த கிணற்றுக்குப் பணம் கட்டுவதை அன்றே நிறுத்துங்கள். கோடு நடுவில் மேல்நோக்கி வளைந்தால் சந்தோஷப்படாதீர்கள், பெரும்பாலும் அடியிலிருந்து நீர் ஏறி வந்து அழுத்தத்தைத் தாங்குகிறது. சில மாதத்தில் கிணற்றில் நீர் பார்ப்பீர்கள். நீரில் உப்பு கூடுகிறதா என்று வாரம் ஒருமுறை பார்த்தால் முன்கூட்டியே தெரியும்: வாயுவோடு ஆவியாக வந்து குளிர்ந்த நீரில் உப்பு இருக்காது, பாறை நீரில் இருக்கும்.

மூடுவது

மூடும் செலவை முதல் ஆண்டிலிருந்தே தனிக் கணக்கில் போட்டு வாருங்கள். கடைசி ஆண்டுகளில் வருமானம் அதற்குப் போதாது. 1999 முதல் இதற்கென வரிச்சலுகையோடு கூடிய தள மீட்பு நிதித் திட்டமும் இருக்கிறது. வாயுப் பாறைக்கு மேலும், கேசிங் முடியும் இடங்களிலும், மேற்பரப்புக்கு அருகிலும் சிமென்ட் அடைப்புகள் வைத்து, ஒவ்வொன்றையும் எடை ஏற்றியோ அழுத்தம் கொடுத்தோ சோதிக்க வேண்டும். குழாய்களைப் படுகைக்குக் கீழே சில மீட்டரில் அறுத்து எடுக்க வேண்டும். கடல் குழாயைக் கழுவி, நீர் நிரப்பி, இரு முனையையும் புதைக்க வேண்டும்.

மேடை போனபின் படுகையை ஒலிப்படக் கருவியால் பார்ப்பார்கள். அதோடு நிறுத்தாமல் உள்ளூர் விசைப்படகு ஒன்றை வாடகைக்கு எடுத்து, மேடை நின்ற இடத்தைச் சுற்றி மடியை இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மடி எங்கேயும் சிக்காமல் வந்தால், விட்டுவைத்த குழாயின் ஜிபிஎஸ் புள்ளிகளைத் தமிழில் அச்சடித்து, ஒவ்வொரு மீன்பிடித் துறைமுகத்திலும் கொடுத்துவிடுங்கள்.